பெல்லட் ஸ்மோக்கர் நம் வீட்டுக்கு ஏற்றதா?



வளைகுடாவிலிருந்து விடுப்பில் வரும் சகோதரர்கள் சிலர் அண்மைக்காலமாக எம்மிடம் ஒரு வினாவை எழுப்புகின்றனர். வீட்டு மாடியில் இறைச்சி சுடுவதற்கு ‘பெல்லட் ஸ்மோக்கர்’ வாங்கலாமா என்பதே அது. மார்க்கத்தில் ஆகுமா என்று மட்டும் கேட்போருக்கு விடை எளிது; அடுப்பு ஆகுமான பொருளே. ஆனால் கோட்டைப்பட்டினத்திலோ அறந்தாங்கியிலோ வாழும் ஒரு குடும்பத்துக்கு அது ஏற்றதுதானா என்பது வேறு வினா. ஏற்றதன்று என்பதே எமது கருத்து.

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் ஜோ டிரேகர் என்பவர் 1980களில் உருவாக்கிய அடுப்பு இது. மரத்தூளை இறுக்கிப் பென்சில் பருமனில் சிறு துண்டுகளாக்கி விற்கின்றனர்; அதுவே பெல்லட். பக்கவாட்டுப் பெட்டியில் அதைக் கொட்டினால், மின்மோட்டாரில் சுழலும் திருகு ஒன்று சிறிது சிறிதாகத் தீக்கிண்ணத்துக்குள் தள்ளும். மின்சாரத்தில் பழுக்கும் கோல் பற்றவைக்கும், மின்விசிறி ஊதும். 110 டிகிரி செல்சியஸ் என்று அமைத்துவிட்டால் பல மணி நேரம் ஏறத்தாழ அதே வெப்பத்தில் நிற்கும். தணலருகே ஆள் அமர்ந்திருக்க வேண்டியதில்லை. இந்த வசதியை நாம் குறைத்து மதிப்பிடவில்லை.

எனினும் அந்த நெடுநேரச் சமையல் யாருடைய இறைச்சிக்காக அமைந்தது என்று பார்க்க வேண்டும். தசைநாரும் கொழுப்பும் மிகுந்த மாட்டு நெஞ்சுக்கறியும், நமக்கு விலக்கப்பட்ட பன்றியின் தோள்கறியும்தான் அங்கே அதில் வேகின்றன. நம் வெள்ளாட்டுக் கறி கொழுப்புக் குறைந்தது. அவ்வளவு நேரம் வறண்ட வெப்பத்தில் கிடந்தால் உலர்ந்துவிடும். குறைந்த வெப்பத்தில் கோழியின் தோல் மொறுமொறுப்பாகாமல் ரப்பர்போல் நிற்கும். ஜெகதாப்பட்டினத்துக் கரையிலிருந்து வரும் மீனுக்கோ கால் மணி நேரத் தணலே மிகுதி.

அடுத்தது எரிபொருள். நம் மாநிலத்தில் எளிதாகக் கிடைக்கும் பெல்லட்டுகள் ஆலைக் கொதிகலன்களுக்கானவை. கடலைத் தோடு, மரக்கழிவு எனக் கிடைத்ததையெல்லாம் சேர்த்து அழுத்தியவை. அந்த மரக்கழிவில் வண்ணம் பூசிய பலகையும் பசை ஒட்டிய பிளைவுட்டும் கலந்திருக்காது என்று யார் உறுதி கூறுவர்? விலை குறைவென்று அவற்றைச் சமையலுக்கு வாங்குவது குழந்தைகளின் உணவில் நச்சுப்புகையைச் சேர்ப்பதற்கு ஒப்பாகும். உணவுக்கென்றே செய்யப்பட்டவற்றைத் தொலைவிலிருந்து வரவழைத்தாலும், கடற்கரை ஊர்களின் ஈரக்காற்றில் அவை ஊறிப் பொடியாகும்; பொடி திருகை அடைக்கும். இன்னொன்றும் கவனத்துக்குரியது. விஸ்கி ஊறிய பீப்பாய்ப் பலகைகளை அரைத்துச் செய்த பெல்லட்டுகளும் மேலைநாட்டுச் சந்தையில் உள்ளன. உறையைப் படிக்காமல் வாங்க வேண்டாம். அவற்றின் சட்டம் பற்றி விவாதிப்பதைவிட விலகிக்கொள்வதே பேணுதலானது.

மின்சாரமின்றி இவ்வடுப்பு இயங்காது. 2018 நவம்பரில் கஜா புயல் நம் மாவட்டத்தைத் தாக்கியபின் எத்தனை ஊர்கள் எத்தனை நாள் இருளில் கிடந்தன என்பதை யாரும் மறந்திருக்க முடியாது. அந்நாட்களில் மூன்று கல் கூட்டிய அடுப்பே நமக்குச் சோறிட்டது. அமெரிக்காவில் விற்கும் அடுப்புகள் 120 வோல்ட் மின்சாரத்துக்கு உரியவை என்பதையும் உறவினர் வழியாக வரவழைப்போர் அறிந்திருக்க வேண்டும். நம் 230 வோல்ட்டில் நேரடியாகச் செருகினால் கருவி கருகிவிடும்.

இவையெல்லாவற்றையும்விட எம்மைத் தயங்கச் செய்வது வேறொன்று. இரவில் இறைச்சியை வைத்துவிட்டு உறங்கலாம், விடியலில் எடுக்கலாம் என்பதே இவ்வடுப்பின் பெரும் சிறப்பாகப் பேசப்படுகிறது. மதீனாவில் ஓர் இரவு ஒரு வீடு, உள்ளிருந்தோருடன் எரிந்துபோன செய்தி கிடைத்தபோது, உறங்கச் செல்லுமுன் நெருப்பை அணைத்துவிடுமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்தார்கள். புகாரி, முஸ்லிம் இரு நூல்களிலும் இது பதிவாகியுள்ளது. ஆபத்துக்கு இடமில்லாத விளக்குக்கு இத்தடை இல்லை என்று இமாம் நவவி (ரஹ்) அவர்கள் விளக்கியிருப்பதை நாம் அறிவோம். பெல்லட் அடுப்பு அத்தகையதா? தீ திருகின் வழியே பின்னேறி எரிபொருள் பெட்டியைப் பற்றுவதும், தட்டில் தேங்கிய கொழுப்பு எரிவதும் இவ்வகை அடுப்புகளில் நேரக்கூடியவை. ஒரே சுவரைப் பகிர்ந்து நிற்கும் நம் தெருக்களில் அது ஒரு வீட்டோடு நிற்காது.

அப்படியானால் எதை வாங்குவது? மூடியுள்ள எளிய கரி அடுப்பு போதும். அறந்தாங்கியிலோ புதுக்கோட்டையிலோ ஒரு வெல்டிங் பட்டறையில் சொன்னால் செய்து தருவர். துத்தநாகம் பூசிய தகடு மட்டும் வேண்டாம். கடும் வெப்பத்தில் அப்பூச்சின் புகை தீங்கானது. கரிக்கு நம்மைச் சூழ்ந்துள்ள சீமைக்கருவேலமே இருக்கிறது. கண்மாய்களை அடைத்து நம் உழவர்களை வாட்டும் அதே மரந்தான். டெக்சாஸ் மாநிலத்தார் இறைச்சி சுடுவதற்குப் பெருமையாகச் சொல்லும் ‘மெஸ்கிட்’ மரம் அதன் நெருங்கிய இனம். அவர்கள் பணம் கொடுத்து வாங்கும் மணத்தை நாம் வேலியோரத்தில் வெட்டிப் போடுகிறோம்!

கரியை ஒரு பக்கம் குவித்து, இறைச்சியை மறுபக்கம் வைத்து மூடினால் கொழுப்பு தணலில் சொட்டாது, கரும்புகையும் எழாது. மூடியின் துளையைத் திறந்தும் அடைத்தும் வெப்பத்தை ஆளலாம். தேக்சாவின் மூடிமேல் தணலிட்டுத் தம் போடும் நம் பண்டாரிகளுக்கு இதை யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. நம் பிள்ளைகள் அவர்களிடம் கற்கலாம். பற்றவைக்க மண்ணெண்ணெய் வேண்டாம், உலர்ந்த கொட்டாங்கச்சி போதும். ஆதனக்கோட்டைப் பக்கம் மலிவாகக் கிடைக்கிறதென்று முந்திரிக்கொட்டைத் தோட்டை எரிக்க வேண்டாம். அதன் எண்ணெய் கண்ணையும் தோலையும் புண்ணாக்கும். மூடிய அறைக்குள் கரி அடுப்பு கூடவே கூடாது. கரியிலிருந்து எழும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை. அது உயிரைப் பறிக்கும்.

இவ்வளவுக்குப் பின்னும் பெல்லட் அடுப்பே வேண்டும் என்போர் கையிலுள்ள பணத்துக்கு வாங்கட்டும். வட்டியுடன் கூடிய தவணையில் வாங்கி அதில் குர்பானி இறைச்சியைச் சுடுவது என்ன பொருத்தம்? பழைய அடுப்பு கைமாறி வந்தால், அதில் முன்பு என்ன வெந்தது என்பது நமக்குத் தெரியாது. வேதம் கொடுக்கப்பட்டோரின் பாத்திரங்களைப் பற்றி அபூ ஸஃலபா (ரலி) கேட்டபோது, வேறு கிடைக்காவிடில் கழுவிப் பயன்படுத்துமாறு நபி (ஸல்) அவர்கள் கூறினார்கள். ஆகவே கம்பித்தட்டையும் கொழுப்புத் தட்டையும் பிசுக்கின்றித் தேய்த்துக் கழுவிய பின்னரே நம் இறைச்சியை வைக்க வேண்டும். அந்தக் கழுவும் வேலையைச் சுட்டவரே செய்யட்டும். வீட்டுப் பெண்கள் தலையில் கட்ட வேண்டாம்.

அடுப்பு எதுவாயினும் மாடியில் வைக்குமுன் காற்று எந்த வீட்டுப் பக்கம் வீசுகிறது என்று பாருங்கள். அவ்வீட்டில் மூச்சிரைப்பு உள்ள முதியவரோ கைக்குழந்தையோ இருக்கலாம், கொடியில் துணி உலரலாம். முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். குழம்பு வைத்தால் நீரைக் கூட்டி அண்டை வீட்டாரையும் கவனிக்கும்படி அபூதர் (ரலி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தினார்கள். சுட்ட கறியில் நீரைக் கூட்ட இயலாது. ஆகவே வாங்கும்போதே அரைக்கிலோ கூடுதலாக வாங்கிவிட வேண்டியதுதான்.