குடிக்கிற பிள்ளைக்குக் கயிறா, கவுன்சிலிங்கா?

பிளஸ் டூ ரிசல்ட் வந்த அன்று, காலேஜ் டூர், நண்பனின் அண்ணன் கல்யாணத்துக்கு முதல் நாள் ராத்திரி... ஒரு பையன் முதன்முதலில் குடிப்பது பெரும்பாலும் இப்படி ஒரு நாளில்தான். தமிழ்நாட்டில் 21 வயது ஆகாதவருக்கு மது விற்கக்கூடாது. 2003 முதல் சில்லறை விற்பனையும் அரசின் டாஸ்மாக் கையில்தான். ஆனாலும் பாட்டில் வாங்கித் தர யாராவது ஒரு 'அண்ணன்' கிடைத்துவிடுகிறார்!

வீட்டுக்குத் தெரிந்தால் முதல் வைத்தியம் அப்பாவின் பெல்ட். அதற்குப் பிறகு பையன் குடியை நிறுத்துவதில்லை, வீட்டுக்கு வருவதை நிறுத்துகிறான். அடுத்தது கோயிலில் கயிறு கட்டுவது. இதைக் கேலி செய்ய வேண்டியதில்லை. "சாமிக்குச் சத்தியம் பண்ணியிருக்கேன்டா" என்று நண்பர்களிடம் தப்பிக்க ஒரு சாக்காவது கிடைக்கிறது.

கயிறும் பலிக்காதபோதுதான் ஆபத்து ஆரம்பம். 'குடிப்பவருக்குத் தெரியாமலே குடியை நிறுத்தலாம்' என்ற விளம்பரத்தைப் பார்த்துவிட்டு, சாம்பாரில் பொடி கலக்கிறார் அம்மா. அந்தப் பொடியில் என்ன இருக்கிறதென்று அவருக்கே தெரியாது. டாக்டர்களும் டைசல்ஃபிராம் என்று ஒரு மாத்திரை கொடுப்பதுண்டு. அது உடம்பில் இருக்கும்போது குடித்தால் அசிடால்டிஹைடு என்ற நச்சு சேர்ந்து, முகம் சிவந்து, வாந்தி வந்து, நெஞ்சு படபடக்கும். இரத்த அழுத்தம் சட்டென்று இறங்கி உயிரே போகலாம். அதனால்தான் குடிப்பவரிடம் விளக்கிச் சொல்லி, அவர் சம்மதித்த பிறகே டாக்டர்கள் அதைக் கொடுக்க வேண்டும். ஒன்றும் தெரியாத பையனுக்கு ரகசியமாகக் கொடுப்பதற்குப் பெயர் வைத்தியமா? விஷயம் தெரிந்த பிறகு அம்மா கையால் அவன் நிம்மதியாகச் சாப்பிடுவானா?

1935-ல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் இரண்டு குடிநோயாளிகள் தொடங்கிய 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' கூட்டங்கள் தமிழ்நாட்டிலும் நடக்கின்றன. கட்டணம் இல்லை, பெயரை வெளியே சொல்வதில்லை. பலருக்கு வாழ்வு கொடுத்த வழி. ஆனால் வேலை போய், மனைவி பிரிந்து, கல்லீரல் கெட்ட ஐம்பது வயதுக்காரரின் கதையைக் கேட்கும் 17 வயதுப் பையன், "நான் இவரை மாதிரி இல்லையே" என்று நிம்மதியாக வெளியே வரவும் கூடும். சென்னையில் சாந்தி ரங்கநாதன், கணவரைக் குடிக்குப் பறிகொடுத்த பின் 1980-ல் தொடங்கிய டி.டி.ரங்கநாதன் நிறுவனத்தில் குடும்பத்தையும் உட்கார வைத்துப் பேசுகிறார்கள். பிள்ளைகள் விஷயத்தில் இது மிகவும் முக்கியம். அப்பாவே தினமும் குடிக்கிற வீட்டில் பையனை மட்டும் திருத்தி என்ன பயன்?

வில்லியம் மில்லர் என்ற உளவியலாளர் 1983-ல் எழுதிய ஒரு முறை இன்னும் எளிமையானது. உபதேசம் கிடையாது, கேள்விதான். குடியில் உனக்கு என்ன பிடிக்கிறது? எது பிடிக்கவில்லை? பையன் தன் வாயாலேயே காரணத்தைச் சொல்கிறான். இந்த வயதில் பெரும்பாலோர் இன்னும் அடிமையாகியிருக்க மாட்டார்கள், அதனால் பேச்சே பலன் தர வாய்ப்பு உண்டு. 14446 என்ற இலவச எண்ணில் பேசலாம்.

ஆனால் விஷயம் முதலில் தெரிவது டாக்டருக்கோ அப்பாவுக்கோ அல்ல, ரூம் மேட்டுக்கு! ஹாஸ்டலில் ஒருவன் நினைவில்லாமல் கிடந்தால், வார்டனுக்குப் பயந்து கதவைச் சாத்திவிட்டு எலுமிச்சைச் சாறு ஊற்றுகிறார்கள். எலுமிச்சையோ மோரோ போதையை இறக்காது. நினைவில்லாதவன் வாயில் எதை ஊற்றினாலும் மூச்சுக்குழாயில் போய் அடைக்கும். ஒருக்களித்துப் படுக்க வைத்து, 108-ஐக் கூப்பிட்டு, பக்கத்திலேயே இருக்க வேண்டும். கூப்பிட்டால் சஸ்பெண்ட்! அதுதான் பயம். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகம் 2002-ல் இந்தப் பயத்தைப் போக்க, உதவிக்குக் கூப்பிட்டவனுக்கும் மயங்கிக் கிடந்தவனுக்கும் தண்டனை இல்லை என்று விதி கொண்டுவந்தது. அதன் பிறகு உதவி கேட்டு வந்த அழைப்புகள் கூடின, குடி கூடவில்லை. நம் ஹாஸ்டல் நோட்டீஸ் போர்டில் அப்படி ஒரு வரி ஒட்டுவதற்குச் செலவு ஒரு தாள்தான்.