துருவமும் தகடும்

ஒரு சொல்லைத் தவறான பொருளில் வழங்கினால் மொழிக்கு மட்டுமே கேடு என்று நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம். அச்சொல்லை நம்பி வாழும் மக்களுக்கும் அதனால் கேடு உண்டு. அத்தகைய சொல் ஒன்றின்மீது வழக்குத் தொடுக்கவே இம்மலரில் எழுதத் துணிந்தேன். அச்சொல் 'துருவமயமாதல்'.

மேல்நிலை வகுப்பில் பயிலும் என் மகள் ஒரு நாள் கேட்டாள்: "அப்பா, செய்தித்தாளில் மக்கள் துருவமயமாகிவிட்டார்கள் என்று எழுதுகிறார்களே, என் இயற்பியல் பாடத்தில் வரும் போலரைசேஷனும் அதுவும் ஒன்றுதானா?" கலைப்பட்டம் மட்டுமே பெற்று, நடுவண் அரசு அலுவலகம் ஒன்றில் கோப்புகளோடு காலங்கழிக்கும் எனக்கு உடனே விடை சொல்ல இயலவில்லை. அவளுடைய பாடநூலை வாங்கிப் படித்தேன். படித்தபின், நம் செய்தித்தாள்களையும் மேடைகளையும் விட ஒளியே உண்மையைத் தெளிவாகச் சொல்கிறது என்று உணர்ந்தேன்.

கதிரவன் ஒளி, தான் செல்லும் திசைக்குக் குறுக்கே எல்லாப் பக்கங்களிலும் அதிர்கின்றது. போலராய்டு என்னும் மெல்லிய தகடு ஒன்றை அதன் வழியில் வைத்தால், ஒரே ஒரு தளத்து அதிர்வை மட்டும் அது போகவிடுகின்றது; ஏனையவற்றைத் தடுத்து விழுங்கிவிடுகின்றது. வெளிவரும் ஒளி ஒருதலையானது. தமிழ்நாட்டுப் பாடநூல்கள் இதனைத் 'தளவிளைவு' என்கின்றன. இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் 'முனைவாக்கம்' என்கின்றன.

துருவம் என்னும் கருத்து இதற்குள் எப்படி நுழைந்தது? 1808-இல் பாரிசு நகரில் மாலுசு என்னும் அறிஞர், லக்சம்பர்க் அரண்மனைச் சாளரங்களில் பட்டு மீண்ட மாலைக் கதிரவன் ஒளியை ஒரு படிகத்தின் வழியே நோக்கினார். படிகத்தைத் திருப்பத் திருப்ப ஒளி கூடியும் குறைந்தும் தோன்றியது. ஒளித்துகள்களுக்குக் காந்தத்தைப் போலத் துருவங்கள் இருக்கக்கூடும் என்று கருதி அவர் இப்பெயரைச் சூட்டினார். சில ஆண்டுகளிலேயே, ஒளி குறுக்கலை என்பதைப் பிரெனல் நிறுவினார். அங்கே துருவம் என்று எதுவும் இல்லை! கொள்கை மாண்டது, பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

என் வழக்கின் முதற்கூறு இதுதான். துருவம் என்றதும் நம் மனக்கண்முன் எவை தோன்றுகின்றன? வடதுருவம் ஒன்று, தென்துருவம் ஒன்று. இயற்கை வகுத்தவை, நகராதவை, ஒருநாளும் ஒன்றையொன்று சந்திக்காதவை. மக்கள் துருவமயமாகிவிட்டார்கள் என்று எழுதியவுடன், அந்தப் பிளவும் இயற்கை வகுத்தது போலவும், எவரும் அதற்குப் பொறுப்பல்லர் போலவும் ஆகிவிடுகிறது. ஒளியின் பாடமோ வேறு. பிறந்தபோது ஒளி ஒருதலையாகப் பிறக்கவில்லை. இடையே ஏதோ ஒன்று அதனை அவ்வாறு ஆக்கியது. எனவே, பிளவைக் கண்டால் துருவத்தைத் தேடாதீர்கள், தகட்டைத் தேடுங்கள். அதனைப் பிடித்திருக்கும் கையையும் தேடுங்கள்.

கருத்து வேறுபாட்டை நான் பழிக்கிறேன் என்று எவரும் கொள்ள வேண்டா. வேறுபாடு என்பது எல்லாப் பக்கமும் அதிரும் முழு ஒளி. மணிமேகலை வஞ்சி மாநகரில் பல சமயக் கணக்கர்களையும் அணுகி, அவரவர் கொள்கையை அவரவர் வாயாலேயே கேட்டறிந்தாள் என்று அக்காப்பியம் கூறுகின்றது. வஞ்சி சேரர் தலைநகர். இன்று நாம் பிழைக்க வந்திருப்பதும் பழைய சேரநாடே. கேட்டுத் தெளிவது வேறுபாடு. கேளாமலே தீர்ப்பெழுதுவதே தளவிளைவு.

இனி, நம் வீட்டு வாயிலுக்கு வருவோம். பீருமேட்டு வட்டத்தில் வாழும் நமக்கு இச்சொல்லின் பொருளை 2011-ஆம் ஆண்டின் குளிர்காலம் கற்பித்தது. அதனை நம்மில் யார் மறக்க முடியும்?

முல்லைப்பெரியாற்று அணையின் வரலாற்றை நீங்கள் அறிவீர்கள். 1886 அக்டோபர் 29-இல் திருவிதாங்கூர் அரசுக்கும் ஆங்கில அரசுக்கும் இடையே 999 ஆண்டுக் குத்தகை எழுதப்பட்டது. பென்னிகுவிக் கட்டிய அணை 1895-இல் நிறைவெய்தியது. மேற்கே ஓடிய நீர் மலையைக் குடைந்து கிழக்கே திரும்பியது. அணையின் உறுதி பற்றிய அச்சத்தால் 1979-இல் நீர்மட்டம் 136 அடிக்குக் குறைக்கப்பட்டது. 142 அடி வரை தேக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2006-இல் கூறியது. அதனை மறுத்துக் கேரளம் சட்டம் இயற்றியது. அச்சட்டம் செல்லாது என்றும், 142 அடி சரியே என்றும் 2014 மே 7-இல் அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது.

இவை ஏடுகளில் உள்ள செய்திகள். ஏடுகளில் இல்லாத செய்தி ஒன்றைச் சொல்கிறேன். என் சித்தி வண்டிப்பெரியாற்றில், ஆற்றங்கரையை ஒட்டிய வரிசை வீட்டில் வாழ்கிறார். தோட்டத்தில் கொழுந்து கிள்ளி ஓய்வு பெற்றவர். என் தாய்மாமன் கம்பத்தில் நெல் பயிரிடுபவர். கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நிலத்தில் அவருடைய இரண்டு ஏக்கரும் அடங்கும். இருவரும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். மழை வலுக்கும் இரவுகளில் சித்தி, குடும்ப அட்டையையும் துணிமணியையும் பையில் கட்டி வாயிலருகே வைத்துக்கொண்டு உறங்காதிருப்பார். தேக்கடி மதகு திறக்கும் நாளை எதிர்நோக்கி மாமன் நாற்றங்காலில் நிற்பார். அவருக்கு அந்த நீரே சோறு. இவருக்கு அந்த நீரே அச்சம். இவ்விருவரில் யார் பொய் சொல்கிறார்கள்? ஒருவருமில்லை.

ஆனால் அந்த நவம்பரிலும் டிசம்பரிலும் நடந்தது என்ன? நில அதிர்வுச் செய்திகள் வந்தன. வதந்திகள் அவற்றை முந்தின. குமுளியில் எல்லை அடைபட்டது. இங்கே தமிழர் வண்டிகள் மறிக்கப்பட்டன. அங்கே மலையாளிகளின் கடைகள் தாக்கப்பட்டன. தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் சில, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு மலைப்பாதை வழியே தேனி மாவட்டத்திற்கு இறங்கின. மாமன் தொலைபேசியில் என்னிடம் ஒரே கேள்வி கேட்டார்: "மாப்பிள்ளை, நீ எந்தப் பக்கம்?" அதே வாரம் என் அலுவலகத்து நண்பர் ஒருவரும் மலையாளத்தில் அதே கேள்வியைக் கேட்டார். ஒரே கேள்வி, இரண்டு மொழிகளில்! அதற்குப் பின் மூன்று பொங்கலுக்குச் சித்தி வீட்டிற்கு அண்ணன் வீட்டுச் சீர் வரவில்லை. "அணைக்கு எதிராகப் பேசுபவர்களின் ஊரில் இருக்கிறாள்" என்பதே காரணமாம். அணை உடைந்திருந்தால்கூட இவ்வளவு அழகாக ஒரு குடும்பத்தைப் பிரித்திருக்காது!

இங்கேதான் நம் பெருமைக்குரிய சர். சி. வி. இராமனை நினைக்கிறேன். அவரும் தொடக்கத்தில் நம்மைப்போல் அரசு ஊழியரே; 1907 முதல் பத்தாண்டுகள் நிதித்துறைக் கணக்கு அலுவலராக இருந்தவர். 1921-இல் ஐரோப்பாவிலிருந்து கப்பலில் திரும்புகையில் கடலின் நீலத்தைக் கண்டு வியந்தார். கடலின் நீலம் வானத்தின் எதிரொளியே என்பது அக்காலத்துப் பேரறிஞர் இராலேயின் கருத்து. இராமன் தம்மிடமிருந்த நிக்கல் பட்டகத்தைத் தக்க கோணத்தில் திருப்பி, நீர்ப்பரப்பில் மின்னிய எதிரொளியை விலக்கிவிட்டு நோக்கினார். நீலம் மறையவில்லை, முன்னினும் ஆழமாகத் தெரிந்தது. அது வானத்தின் நிறமன்று, நீரின் சொந்த நிறமே என்று கண்டார்.

முல்லைப்பெரியாற்று நீரையும் நாம் இன்றுவரை எதிரொளியிலேயே பார்த்து வருகிறோம். சென்னை வானமும் திருவனந்தபுரத்து வானமும் அதன்மேல் மின்னுகின்றன. தேர்தல் மேடையும் தொலைக்காட்சி வாதமும் கைப்பேசி வதந்தியும் மின்னுகின்றன. அவற்றை விலக்கிவிட்டு நீரைப் பாருங்கள். அங்கே சித்தியின் உறங்காத இரவும் மாமனின் காய்ந்த வயலும் சேர்ந்தே தெரியும். அணையின் உறுதியைப் பொறியாளர் ஆய்க. உரிமையை நீதிமன்றம் ஆய்க. அண்ணன் தங்கையைப் பிரிக்கும் உரிமையை இவர்களுக்கு யார் கொடுத்தது?

"எழுத்தரே, உம்முடைய பேச்சு நடுவில் நின்று தப்பிக்கும் கோழைத்தனம்" என்பார் சிலர். அவர்களுக்கும் ஒளியே விடை கூறுகின்றது. இரண்டு தகடுகளை ஒன்றுக்கொன்று குறுக்காக வைத்தால் ஒளி முற்றும் அடைபட்டு இருளாகும். மகளின் பள்ளி ஆய்வுக்கூடத்தில் இதனைக் கண்டேன். பிறகு ஆசிரியர் மூன்றாவது தகடு ஒன்றை எடுத்து, அவ்விரண்டின் நடுவே சாய்வாகச் செருகினார். இருளாக இருந்த இடத்தில் வெளிச்சம் வந்தது! தடுக்கும் பொருள் ஒன்றைக் கூட்டினால் ஒளி பிறக்கிறதே என்று திகைத்தேன். விதி எளியது. நடுத்தகடு முதல் தகட்டின் ஒளியைச் சாய்த்து வாங்குகிறது. இரண்டாம் தகடு ஏற்கும் வகையில் கொடுக்கிறது. 45 பாகைச் சாய்வில், முதல் தகட்டைக் கடந்த ஒளியில் நான்கில் ஒரு பங்கு மறுபுறம் சேரும்.

தோழர்களே, ஏலப்பாறையிலும் பீருமேட்டிலும் வாழும் நாமே அந்த மூன்றாம் தகடு. கங்காணிகளின் பின்னே மலையேறி வந்த நம் முன்னோர்கள் இம்மண்ணில் தேயிலையை வளர்த்தார்கள், இம்மண்ணிலேயே புதைந்தார்கள். 1955-இல் மாநிலச் சீரமைப்பு ஆணையம் தேவிகுளமும் பீருமேடும் கேரளத்தோடு இருக்கட்டும் என்றது. 1956-இல் அவ்வாறே ஆயிற்று. அது நமக்கு வலித்தது உண்மை. ஆயினும் அந்த வலியின் கூடவே இரண்டு மொழிகளும் நமக்குக் கிடைத்தன. மக்கள்தொகைக் கணக்கெடுப்புப் படிவத்தில் தாய்மொழிக்கென ஒரு கட்டம் உண்டு. அதனை அடுத்து, தெரிந்த பிற மொழிகளுக்கும் இடம் உண்டு. முதற்கட்டத்தை மட்டும் படிப்பவர்களே நம்மைப் பார்த்து, "நீ எந்தப் பக்கம்?" என்று கேட்கிறார்கள். இரண்டையும் நிரப்பக்கூடியவர்கள் நாம்.

ஆனால் ஓர் எச்சரிக்கை. நடுத்தகடு எப்பக்கத்துத் தகட்டோடும் இணையாகப் பொருந்திவிட்டால் அதனால் பயனில்லை, மீண்டும் இருளே. பிள்ளைகளுக்குத் தமிழே வேண்டா என்று முற்றும் மாறிப்போகும் குடும்பங்களும், மூன்று தலைமுறை வாழ்ந்தும் மலையாளம் எழுதப்படிக்கக் கல்லேன் என்று வீம்பு பேசும் குடும்பங்களும் ஒரே பிழையைத்தான் செய்கின்றன. சாய்ந்து நிற்பது எளிதன்று. ஒளியில் பெரும்பங்கு நம்மிடமே இழப்பாகும். இரு பக்கமும் ஐயம் கொள்ளும். அந்த இழப்பைத் தாங்குவது கோழைத்தனமா? கூட்டத்தோடு கூடிக் கூவுவதே கோழைத்தனம்.

இது வெறும் உவமை என்று தள்ளுவோர், 2015 செப்டம்பரில் மூணாற்றில் நடந்ததை எண்ணிப் பார்க்கட்டும். தேயிலைத் தோட்டப் பெண்கள், பெரும்பாலும் தமிழ்ப்பெண்கள், 'பெம்பிளை ஒருமை' என்ற பெயரில் 20 விழுக்காடு போனசு கேட்டுச் சாலையில் அமர்ந்தார்கள். பல நிறக் கொடிகளின் தொழிற்சங்கங்கள் அதுவரை அவர்களைப் பிரித்து வைத்திருந்தன. அத்தகடுகள் அனைத்தையும் அவர்கள் விலக்கினார்கள். அரசியல் தலைவர்கள் பலரைத் தங்கள் நடுவே அமரவிட மறுத்தார்கள். ஒன்பது நாளில் கேட்டதைப் பெற்றார்கள். பள்ளிப்படிப்பு மிகாத அப்பெண்களுக்குத் தெரிந்தது, படித்த நமக்குத் தெரியவில்லையே!

என் குடும்பத்துக் கதையையும் முடித்துவிடுகிறேன். நான்காம் ஆண்டு மழைக்காலத்தில் மாமனை வற்புறுத்தி அழைத்துவந்து, சித்தி வீட்டில் ஓர் இரவு தங்கவைத்தேன். ஆற்றின் இரைச்சலில் அவருக்கும் உறக்கம் வரவில்லை. அடுத்த கோடையில் சித்தியைக் கம்பத்திற்கு அழைத்துச் சென்றேன். வெடித்த வயலை அவர் காலால் தொட்டுப் பார்த்தார். அணையைப் பற்றி இருவர் கருத்தும் மாறவில்லை, இன்றும் மாறவில்லை. ஆனால் அந்தப் பொங்கலுக்குக் கரும்பும் பச்சரிசியும் புடவையும் குமுளி வழியே மலையேறி வந்தன.

ஆதலால் நம் சங்கத்தாரிடம் மூன்று செயல்களைக் கேட்கிறேன். நம் படிப்பகத்தில் தமிழ் நாளிதழோடு மலையாள நாளிதழும் நாள்தோறும் இருக்கவேண்டும். கோடை விடுமுறையில் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்து வகுப்பு நடத்தவேண்டும். அடுத்த ஆண்டு மலரில், நம் பக்கத்து வீட்டு மலையாளி நண்பர்கள் எழுதும் சில பக்கங்களும் நம் தமிழாக்கத்தோடு இடம்பெற வேண்டும். நம்மோடு மாறுபட்டு எழுதினாலும் இடம்பெற வேண்டும்.

இனி எவரேனும் நம்மிடம் வந்து, "மக்கள் துருவமயமாகிவிட்டார்கள்" என்று பெருமூச்சு விட்டால், "எந்தத் தகட்டினால், யார் கையால்?" என்று கேளுங்கள். வந்தவர் தம் கையை மறைக்கிறாரா என்றும் பாருங்கள்.