பௌதிகவியல் படிக்க விடுங்கள்

உயர்தரப் பெறுபேறு வந்த கிழமையில் கரவெட்டியில் சில வீடுகள் செத்தவீடு போலக் கிடக்கும். பிள்ளை சித்தியடையவில்லை என்பதல்ல. கணிதப் பிரிவில் நல்ல பெறுபேறுதான். பொறியியல் பீட வெட்டுப்புள்ளிக்குக் கொஞ்சம் காணாது. “விஞ்ஞான பீடத்துக்குப் போய் என்ன செய்யப் போறாய்? இன்னொருக்கா எடு” என்பார் தகப்பன். நெல்லியடியில் நெடுங்காலம் பௌதிகவியல் படிப்பித்த எனக்கு இதைக் கேட்டால் வயிறு எரியும்.

பௌதிகவியல் எங்கே கொண்டுபோகும் என்று கேட்பவர்களுக்கு, இலங்கையில் பிறந்த அசந்த குரேயின் ஆய்வைச் சொல்வேன். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகப் பேராசிரியர் அவர். தூசிக்குள் மறைந்த தொலைதூர விண்மீன் மண்டலங்களை ஆராய்கிறார். அங்கே புதிதாய்ப் பிறக்கும் நட்சத்திரங்களின் ஒளியைச் சுற்றியுள்ள தூசி விழுங்கி, செந்நிறக்கீழ்க் கதிராக வெளிவிடுகிறது. அண்டத்து நட்சத்திர ஒளியில் ஏறத்தாழப் பாதி இப்படி உருமாறியதுதான்.

இதன் கணக்கு எங்கள் பிள்ளைகளின் கொப்பியிலேயே இருக்கிறது: வெப்பநிலையில் இருந்து கதிரின் உச்ச அலைநீளத்தைக் காணும் வீனின் விதி. தூசியின் வெப்பநிலை 30 கெல்வின் என்று வையுங்கள். உச்ச அலைநீளம் 0.1 மில்லிமீற்றருக்குச் சற்றுக் குறைவாக வரும். அண்டம் விரிவதால் அது வழியில் மூன்று மடங்குக்கு மேல் நீண்டு, ஏறத்தாழ 0.3 மில்லிமீற்றராக இங்கே வந்து சேரும். வளிமண்டல நீராவி அதைப் பெரும்பாலும் மறித்துவிடும். அதனால்தான் 2009 இல் ஹெர்ஷல் தொலைநோக்கியை விண்ணுக்கு அனுப்பினார்கள். அதன் தரவுகளைக் கொண்டு, மோதிக் கலக்கும் இரண்டு மண்டலங்களை 2013 இல் குரேயும் சகாக்களும் அறிவித்தார்கள். 1,100 கோடி ஆண்டுகளுக்கு முந்திய காட்சி அது. எங்கள் பால்வீதியில் வருடத்துக்கு ஒன்றிரண்டு நட்சத்திரங்கள் பிறக்கின்றன; அங்கே 2,000!

ஒரு பதினெட்டு வயதுப் பிள்ளை தன் பேனையால் இந்த வழியில் பாதித்தூரம் போகலாம். அந்தப் பிள்ளையைத்தான் மூன்றாம் தடவை பரீட்சைக்கு இருத்துகிறோம்.

தென்மராட்சியில் இருந்து போன சிவலிங்கம் சிவானந்தனும் பேராதனையில் பௌதிகவியல் படித்தவரே. செந்நிறக்கீழ்க் கதிர் உணரிகள் பற்றிய ஆய்வில் இன்று உலகறிந்த பெயர்.

தொழில் பற்றிய பெற்றோரின் பயம் எனக்கு விளங்கும். போரும் இடப்பெயர்வும் கண்ட சனம் பத்திரமான வழியைத்தான் தேடும். ஆனாலும் விருப்பமில்லாத துறைக்காகப் பிள்ளையின் நல்ல வருடங்களைக் கரைப்பதில் என்ன பத்திரம்? இந்தமுறை பல்கலைக்கழக விண்ணப்பம் நிரப்ப முன்னர் பிள்ளையிடம் கேளுங்கள். பௌதிகவியல்தான் விருப்பம் என்றால் தயவுசெய்து மறிக்காதீர்கள்.