இன்னும் எவ்வளவு தாங்கணும்?

தோழர்களே, சமூகப்பணி படிக்கும் தம்பி ஒருவர் கேட்டார்: “அண்ணா, கொல்லிமலையில் தனித்து வாழும் தாய்மார்களுக்குக் குழுவாக மனத்திடப் பயிற்சி கொடுக்கலாமா?” ஆறு வாரம், முன்னும் பின்னும் மதிப்பெண், ப்ராஜெக்ட் முடிந்தது.

மரவள்ளிக் காட்டில் கூலிக்குக் கிழங்கு பிடுங்கி, விறகு சுமந்து, விட்டுப்போனவன் வைத்த கடனையும் அடைக்கிற மலையாளிப் பழங்குடிப் பெண்ணுக்கு நாம் போய்த் தாங்கும் சக்தியைச் சொல்லிக்கொடுக்கப் போகிறோமா?

கணவன் கைவிட்ட பெண்ணுக்கான அரசு உதவித்தொகை விதியைப் படியுங்கள். 30 வயது ஆகியிருக்க வேண்டும். கைவிட்டு 5 ஆண்டு கழிந்திருக்க வேண்டும், அல்லது கோர்ட்டில் பிரிவுச் சான்று வாங்க வேண்டும். 22 வயதில் இரண்டு பிள்ளைகளோடு நிற்பவள் அந்த எட்டு வருடம் எதைச் சாப்பிடுவாள்? தொகை 1,200 ரூபாய் ஆனதே 2023-ல்தான். கலெக்டரிடம் மனு கொடுக்க 70 கொண்டை ஊசி வளைவு இறங்கி நாமக்கல் வரவேண்டும். அன்றைய கூலி போச்சு. இத்தனையையும் அப்படியே வைத்துக்கொண்டு அவளை மட்டும் திடமாக்குவது யாருக்கு வசதி?

குழுச் சிகிச்சையே வேண்டாம் என்று சொல்லவில்லை. உகாண்டாவில் 30 கிராமங்களில் 16 வாரம் நடந்தது. ஆய்வு 2003-ல் வெளியானது. நடத்தியவர்கள் பயிற்சி பெற்ற உள்ளூர் ஆட்கள். சாவு, சண்டை, வாழ்க்கை புரண்டுபோனது என்று சொந்தக் கதையைப் பேசினார்கள். மனச்சோர்வு வெகுவாகக் குறைந்தது. ஆக, பேச்சுக்குப் பலன் உண்டு.

நம் மண்ணில் வாச்சாத்தி இருக்கிறது. அவர்களும் மலையாளிப் பழங்குடிகளே. 1992 ஜூன் 20 அன்று வனத்துறையும் போலீசும் ஊருக்குள் புகுந்தன. 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். 2011-ல் தண்டனை, 2023-ல் உயர்நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 31 வருடம் அந்தப் பெண்கள் ஒன்றாகச் சாட்சி சொன்னார்கள், சங்கம் கூடவே நின்றது. தனித்தனியாக விட்டிருந்தால் அந்த வழக்கு என்றோ செத்திருக்கும்.

ஆகவே, தம்பி, தாராளமாக வட்டம் போடு. ஆனால் நடத்துவது அந்த ஊர் அக்காவாக இருக்கட்டும், அவருக்குச் சம்பளம் கொடு. தூக்கமில்லாமல், சாகலாம் என்று நினைப்பவரை மருத்துவரிடம் கூட்டிப்போக ஏற்பாடு செய். பேச்சு மனுவில் முடியட்டும். 2006 வன உரிமைச் சட்டம் பிரிவு 4(4)-ஐ அவர்களுக்குப் படித்துக் காட்டு: தனியாளாகக் குடும்பம் நடத்துபவருக்கு அவர் பெயரிலேயே உரிமைப் பட்டா. அடுத்த கிராம சபையில் அதைக் கேட்கட்டும். ஐந்து ஆண்டு விதியை நீக்கச் சொல்லித் தீர்மானம் போடட்டும்.

நமக்கும் ஒரு வார்த்தை. நம் கூட்டங்களில் தனித்து வாழும் தாய் இன்னமும் டீ போடும் இடத்தில்தான் நிற்கிறார். மைக்கை முதலில் அவரிடம் கொடுப்போம்.

ஜெய்பீம்.