மனத்தை அடக்கு என்போருக்கு

அண்மைக் காலமாக எமது பல்கலைக்கழக வட்டாரங்களில் 'உளநலம்' என்னும் சொல் பெருவழக்குப் பெற்றுள்ளது. கருத்தரங்குகள் நிகழ்கின்றன, சுவரொட்டிகள் ஒட்டப்படுகின்றன, ஒக்டோபர் 10 ஆம் திகதி உலக உளநல தினமென விழாவும் எடுக்கப்படுகின்றது. இவை யாவும் வரவேற்கத்தக்கன என்று கூறி அமைந்துவிடுதல் எளிது. ஆயின் இக்கட்டுரையின் நோக்கம் அதுவன்று. இக்கருத்தரங்குகளில் வழங்கப்படும் மருந்து நோய்க்குரிய மருந்தன்று என்பதும், அது நோய்க்கான பொறுப்பு முழுவதையும் நோயுற்றவன் தலையிலேயே கட்டிவிடுகின்றது என்பதுமே யாம் ஈண்டு நிறுவ முயல்வன.

சென்ற ஆண்டு நிகழ்ந்த அத்தகைய கருத்தரங்கொன்றிற்கு நானும் சென்றிருந்தேன். உரையாற்ற வந்தவர் நல்லவர். அவரது அக்கறையில் எனக்கு ஐயமில்லை. எட்டு மணி நேரம் உறங்குங்கள் என்றார். அதிகாலையில் எழுந்து மூச்சுப் பயிற்சி செய்யுங்கள், கீரையும் பழமும் உண்ணுங்கள், கைத்தொலைபேசியைக் குறையுங்கள், உங்களைப் பிறரோடு ஒப்பிடாதீர்கள், மனத்தை அடக்கப் பழகுங்கள் என்றார். இறுதியில் மண்டபத்திலிருந்த அனைவரும் பத்து நிமிடம் கண்களை மூடி அமர்ந்திருந்தோம். என் அருகிலிருந்த நண்பன் உறங்கிப்போனான். முதல் நாள் மாலை முழுவதும் நகரத்தில் இரண்டு வீடுகளில் பிள்ளைகளுக்குப் பாடஞ் சொல்லிக் கொடுத்துவிட்டு, இரவு இரண்டு மணிவரை விழித்திருந்து ஒப்படை எழுதியவன் அவன். அன்றைய கருத்தரங்கினால் மெய்யாகவே பயனடைந்தவன் அவன் ஒருவனே என்று பின்னர் நாம் பகிடியாகக் கூறிக்கொண்டோம்.

பகிடி ஒருபுறமிருக்க, அவன் ஏன் உறங்கினான் என்ற வினாவை அம்மண்டபத்தில் எவரும் எழுப்பவில்லை. கூறப்பட்ட அறிவுரைகளைத் தனித்தனியே எடுத்து நோக்கின் ஒன்றேனும் பொய்யன்று. உறக்கம் வேண்டும், நல்லுணவு வேண்டும், மூச்சுப் பயிற்சியால் படபடப்புத் தணியும் என்பதும் உண்மையே. பிழை அறிவுரைகளில் இல்லை. அவற்றின் அடியிற் கிடக்கும் எடுகோளில் உள்ளது. உறக்கமும் உணவும் கேட்போன் கையில் இருக்கின்றன, அவன்தான் சோம்பலினாலோ அறியாமையினாலோ அவற்றைக் கைவிட்டுவிட்டான் என்பதே அவ்வெடுகோள்.

அவன் கையில் உள்ளது யாது என்பதைக் கணக்கிட்டுப் பார்ப்போம். மகாபொல புலமைப்பரிசில் 1981 ஆம் ஆண்டு தொடங்கப்பெற்றது. வறிய மாணவர்க்கு அது செய்த உதவியை மறுப்பார் எவருமிலர். ஆனால் 2022 ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில், கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதத்தைத் தொட்டபோதும் அத்தொகை மாதம் 5,000 ரூபாவாகவே இருந்தது. 2025 ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில்தான் அது 7,500 ரூபாவாக உயர்த்தப்பட்டது. முப்பது நாளாற் பகுத்தால் நாளொன்றுக்கு 250 ரூபா. அப்போது இத்தொகைக்குள் மூன்று வேளை உணவும், நிழற்பிரதிச் செலவும், ஊருக்குப் போகும் பஸ் கட்டணமும் அடங்கவேண்டியிருந்தது. தவணை பிந்திய மாதங்களில் பாணும் பருப்பும், பின்னர் வெறும் தேநீருமாய் நாளைக் கழிப்பவர் எமது விடுதிகளில் எத்தனை பேர் என்பதை விடுதியில் வாழ்ந்தவர் அறிவர். அவர்களிடம் சென்று கீரையும் பழமும் உண்ணுங்கள் என்பது மருத்துவ ஆலோசனை ஆகாது.

எமது மரபே மனவடக்கத்தைத்தான் போதித்தது, மேனாட்டு நாகரிகத்தின் வேகமே எம்மைக் கெடுத்தது என்று வாதிடுவோரும் உளர். தமிழைச் சிறப்புப் பாடமாகக் கற்கும் மாணவன் என்ற வகையில் இவர்களுக்கு இரண்டு சொற் கூற விரும்புகின்றேன். வள்ளுவர் மருந்து என ஓர் அதிகாரம் வகுத்தார். அதன் பெரும்பகுதி உணவைப் பற்றியது. இறுதிக் குறளோ மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுக்கின்றது. நோயுற்றவன், நோயைத் தீர்ப்பவன், மருந்து, அம்மருந்தை அருகிருந்து கொடுப்பவன் என்பனவே அந்நான்கு. இன்றைய உளநல உபதேசம் இந்நான்கில் மூன்றைக் கழித்துவிட்டு நோயுற்றவன் ஒருவனை மட்டும் மிச்சம் வைத்துள்ளது. அவனே நோயாளி, அவனே வைத்தியன், அவனது மன உறுதியே மருந்து! இனி மணிமேகலையை எடுத்துக்கொள்வோம். துறவு பேசும் காப்பியம் அது. எனினும் அதன் தலைவி பசியைப் பிணி என்றே கருதிச் செயற்படுகின்றாள். பசித்தவர்க்கு முதலில் அவள் அளித்தது அமுதசுரபியின் சோறு. சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக மாற்றும்படி அவள் கேட்டது மன்னனை. உள்ளே கிடந்த கைதிகளை நோக்கி மனத்தை அடக்குங்கள் என்று அவள் கூறவில்லை. மரபைத் துணைக்கழைப்போர் அதனை முழுமையாகப் படித்துவிட்டு அழைப்பாராயின் நன்று.

இவ்வளவும் கூறியபின், புறச்சூழலை மாற்றுவதால் உள்ளத்தின் துயர் உண்மையிற் குறையுமா என்று கேட்கலாம். நியாயமான வினா. இதற்கு விடை தேடி வேறு நாடுகளுக்குச் செல்லவேண்டியதில்லை. எமது நாட்டின் அண்மைக்கால வரலாறே விடை பகர்கின்றது.

1995 ஆம் ஆண்டளவில் இலங்கையின் தற்கொலை வீதம் ஓர் இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 ஆக இருந்தது. அக்காலத்தில் உலகின் மிக உயர்ந்த வீதங்களுள் இதுவும் ஒன்று. இறந்தோருட் பெருந்தொகையினர் கிராமத்தவர், இளைஞர் பலர். இளைஞரின் மனவுறுதியின்மை, காதற் தோல்வி, பெற்றோரின் கண்டிப்பு, குடி என்றெல்லாம் காரணங் கூறப்பட்டது. இவை பொய்க் காரணங்கள் என்று யாம் கூறவரவில்லை. ஆனால் நாட்டில் அவ்வீதத்தைக் கீழிறக்கியது எது? கடும் நச்சுத்தன்மை வாய்ந்த பீடைநாசினிகளை அரசு படிப்படியாகத் தடைசெய்தமையே அதிற் பெரும்பங்கு வகித்தது. 1995 இல் உலக சுகாதார நிறுவனத்தின் முதலாம் வகுப்பு நஞ்சுகளுள் எஞ்சியிருந்தவை நீக்கப்பட்டன. 1998 இல் எண்டோசல்பான் தடைசெய்யப்பட்டது. 2008 முதல் 2011 வரையிலான காலத்தில் மேலும் மூன்று இரசாயனங்கள் ஒன்றன்பின் ஒன்றாக அகற்றப்பட்டன. 2005 ஆகும்போது வீதம் பாதியாகக் குறைந்திருந்தது. அதற்கடுத்த பத்தாண்டில் மேலும் வீழ்ந்தது. 1996 முதல் 2005 வரையான பத்தாண்டில் நிகழ்ந்த தற்கொலைகள் அதற்கு முந்திய பத்தாண்டினும் 19,800 அளவிற் குறைவு என ஆய்வாளர் கணித்துள்ளனர்.

இவ்விடத்தில் வாசகர் சற்றே நின்று சிந்திக்கவேண்டும். அதே பத்தாண்டிற் போர் நடந்துகொண்டிருந்தது. வேலையின்மை ஒழிந்துவிடவில்லை. குடும்பச் சண்டைகள் ஓய்ந்துவிடவில்லை. தம்மைத் தாமே வருத்திக்கொண்டு மருத்துவமனைக்கு வந்தோரின் தொகையும் அதே அளவிற் குறைந்துவிடவில்லை. மக்களின் மனம் திடீரென வலிமை பெற்றது என்று கூற எவ்வித ஆதாரமும் இல்லை. குறைந்தது, ஒரு கணத்தின் ஆவேசம் உயிரைக் குடித்துவிடும் வாய்ப்பேயாகும். அந்தக் கணத்தைக் கடந்தவர்கள் பெரும்பாலும் வாழ்ந்தார்கள். இன்று எமது ஊர்களிற் பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருப்போருள்ளும் அத்தகையோர் உளர். அவர்களைக் காத்ததில் பீடைநாசினிப் பதிவாளரின் அலுவலகத்திற் கையொப்பமிடப்பட்ட ஒரு கடதாசிக்குப் பெரும்பங்கு உண்டு. அக்கடதாசியை எழுதியவர்கள் இளைஞரை நோக்கி உங்கள் மனத்தைத் திருத்துங்கள் என்று கூறிவிட்டு வீடு சென்றிருந்தால் அத்தனை உயிர்களும் போயிருக்கும்.

துயரைச் செவிமடுக்கும் பணி பயனற்றது என்று இதனைப் பொருள்கொள்ளலாகாது. 1974 இல் தோன்றிய சுமித்ரயோ அமைப்பின் தொண்டர்கள் செய்துவரும் பணி அரியது. தேசிய உளநல நிறுவனத்தின் 1926 என்னும் தொலைபேசி இலக்கத்தை நள்ளிரவிற் தனித்திருக்கும் ஒவ்வொரு மாணவனும் அறிந்திருத்தல் வேண்டும். ஆயின் செவிமடுத்தல் வேறு, உபதேசித்தல் வேறு. முன்னையது துயருற்றவன் பக்கத்தில் வந்து அமர்கின்றது. பின்னையது மேடையில் ஏறி நிற்கின்றது.

1998 ஆம் ஆண்டைப் பற்றித் தனியே ஒன்று கூறவேண்டும். அதுவரை தற்கொலைக்கு முயன்று தப்பியவன் இந்நாட்டிற் குற்றவாளி. 1883 ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை, 302 ஆம் பிரிவின்கீழ், அவனை ஓராண்டுவரை சிறையிலிட இடமளித்திருந்தது. மருத்துவமனைக் கட்டிலில் கண்விழித்தவன் எதிரே பொலிசு நின்ற காலம் அது. அப்பிரிவு 1998 இல் நீக்கப்பட்டது. அதே ஆண்டில்தான் பகிடிவதையைத் தடைசெய்யும் 20 ஆம் இலக்கச் சட்டமும் நிறைவேறியது. முந்திய ஆண்டில் மாணவனொருவன் பகிடிவதையின் பின் உயிரிழந்திருந்தான். யாழ்ப்பாணத்து உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் போரின் உளத்தாக்கத்தைப் பற்றி எழுதிய ஆங்கில நூலும் அவ்வாண்டே வெளிவந்தது. போரினால் தனிமனிதர் மட்டுமன்றிச் சமூகமே காயமுறுகின்றது, சிகிச்சையும் சமூக மட்டத்திலேயே அமைதல் வேண்டும் என்பது அவர் பின்னர் விரித்துரைத்த கருத்து. உள்ளத்தின் நோய்க்குச் சட்டத்திலும் சமூகத்திலும் வேர் உண்டு என்பதை இந்நாடு ஓரளவேனும் ஒப்புக்கொண்ட ஆண்டாக அதனைக் கொள்ளலாம். கால் நூற்றாண்டு கழிந்தபின், பல்கலைக்கழகத்தினுள்ளே நாம் மீண்டும் மூச்சுப் பயிற்சிக்கு வந்து சேர்ந்திருக்கின்றோம்.

பகிடிவதையைக் குறிப்பிட்டமையால் எம்மவர் பக்கத்துக் குற்றத்தையும் கூறாது விடுதல் நேர்மையன்று. புதுமுக மாணவனை முழந்தாளிட வைத்து, இரவிரவாக விழித்திருக்கச் செய்து, இது உன் மனத்தைப் பலப்படுத்தும் என்று கூறும் சிரேட்ட மாணவனும், மனத்தை அடக்கு என்று கூறும் பேச்சாளரும் ஒரே தத்துவத்தின் இரு முகங்கள். தாங்குபவன் வலியவன், தாங்காதவன் கோழை என்பதே அத்தத்துவம். மாணவர் அமைப்புகளில் வேறொரு வகையினரும் உளர். உளநலம் என்பதே நடுத்தர வர்க்கத்தின் ஆடம்பரம், சமூக மாற்றம் வந்தால் யாவும் தாமே சீராகும் என்பர் இவர்கள். சமூக மாற்றம் வரும்வரை இரவு உறக்கமின்றி அழுபவனுக்கு இவர்கள் கூறும் விடை யாது? பீடைநாசினியைத் தடைசெய்வதற்குப் புரட்சி வரும்வரை எவரும் காத்திருக்கவில்லை.

ஆகவே எமது பீடத்தில் இன்றே செய்யக்கூடியனவற்றைப் பற்றிப் பேசுவோம். மாணவ ஆலோசகர் என்னும் பதவி எம்மிடம் உண்டு. அதனை வகிப்பவர் விரிவுரையாளர். எனது விடைத்தாளைத் திருத்துபவரும் அவரே. ஒழுக்காற்று விசாரணையில் அமரக்கூடியவரும் அவரே. நாளை நான் உதவி விரிவுரையாளர் பதவிக்கு விண்ணப்பித்தால் என்னைப் பற்றி அபிப்பிராயம் கூறுபவரும் அவரே. எனக்கு வாழவே பிடிக்கவில்லை என்ற சொல்லை நான் அவரிடம் சென்று கூறவேண்டும்! விரிவுரையாளர்கள்மீது குறையில்லை, தமது நேரத்தை ஈந்து மாணவரைக் காத்தவர் அவர்களுள் உளர். ஆனால் மதிப்பிடுபவனிடம் மனத்தைத் திறக்கும்படி கோருவது அமைப்பின் பிழை. இதனோடு மொழிப் பிரச்சினையும் சேர்ந்துகொள்கின்றது. பயிற்சி பெற்ற உளவளத் துணையாளர் ஒருவர் வளாகத்திற்கு வருகின்றார். அவருக்குத் தமிழ் தெரியாது. பாடத்தை ஆங்கிலத்தில் எழுதப் பழகிவிட்ட மாணவி, தகப்பனின் சாவைப் பற்றி ஆங்கிலத்தில் அழப் பழகவில்லை. சென்ற ஆண்டு ஒருத்தி துணைக்குத் தோழியை மொழிபெயர்ப்பாளராக அழைத்துச் சென்றாள். தோழிக்குத் தெரியக்கூடாத ஒன்றே அவள் கூறவிருந்தது. இருவரும் பரீட்சைப் பயத்தைப் பற்றி ஏதோ கூறிவிட்டுத் திரும்பினர்.

ஒப்படைகளின் கதை சிறிது. நான்கு பாடங்களின் ஒப்படைகள் ஒரே வாரத்தில் விழுகின்றன; ஒரு துறைக்கு மற்றத் துறையின் நாட்குறிப்புத் தெரியாது. துறைத்தலைவர்கள் தவணைத் தொடக்கத்தில் ஒரு மணி நேரம் ஒன்றாக அமர்ந்து திகதிகளைப் பங்கிட்டுக்கொண்டால், எந்தத் தியானமும் தராத உறக்கம் எமக்குக் கிட்டும். செலவு ஒரு தேநீர்.

இவ்வாண்டும் ஒக்டோபரிற் கருத்தரங்கு உண்டெனச் சுவரொட்டி ஒட்டியாயிற்று. பேச்சாளர் வரட்டும், கேட்போம். அவர் பேசி முடித்ததும் வினா நேரத்தில் முன்வைப்பதற்கெனச் சங்கத்தின் சார்பில் மூன்று கோரிக்கைகள் எழுதப்பட்டுள்ளன. பரீட்சைச் சபையில் இடம்பெறாத, தமிழ் பேசும் உளவளத் துணையாளர் ஒருவர் வாரத்தில் இரண்டு நாட்களாவது வருதல். ஒப்படைத் திகதிகளுக்கு ஒரு பொது அட்டவணை. மகாபொல தவணை பிந்தும் மாதங்களில் விடுதிச் சிற்றுண்டிச்சாலையில் மாணவர் கடனுக்கு உண்ண ஏற்பாடு. கையொப்பமிட விரும்புவோர்க்கெனத் தாள் சங்க அறையில் மேசைமீது வைக்கப்பட்டுள்ளது. விரிவுரையாளர்களும் கையொப்பமிடலாம்.