எந்த நூல், எத்தனையாவது பாட்டு?



பள்ளிகளில் ப்ராஜெக்ட் கேட்டுவிட்டால் போதும், காஞ்சிபுரத்தை அடுத்த நம் ஐயம்பேட்டை ஜெராக்ஸ் கடைகளில் ‘எங்கள் ஊர் வரலாறு’ கலர் பிரிண்டில் வரத் தொடங்கிவிடும். ஸ்பைரல் பைண்டிங், அட்டையில் காஞ்சி கைலாசநாதர் கோயில். நகரங்களுள் சிறந்தது காஞ்சி என்று வடமொழிக் கவிஞர் காளிதாசர் பாடியதாக ஒரு பிள்ளை எழுதியிருக்கும். பக்கத்து பெஞ்சுப் பிள்ளையின் தாளில் அதே பாட்டை இன்னொரு வடமொழிக் கவிஞர் பாரவி பாடியிருப்பார். இரண்டுக்கும் முழு மதிப்பெண்! எந்த நூல், எத்தனையாவது பாட்டு என்று கேட்க ஆளில்லை. மேடைக்கு மேடை நாமும் இதைத்தானே முழங்குகிறோம்? ஜரிகையை உரசி, உள்ளே சிவப்பு இழை தெரிகிறதா என்று பார்த்துப் புடவை வாங்குகிற ஊர் இது. பாட்டை மட்டும் உரசாமலே வாங்கிக்கொள்கிறோம்.

உரசிப் பார்க்கப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்க முடியும். கேரளத்தில் 2022-ல் அரசின் ‘கைட்’ நிறுவனம் ‘சத்யமேவ ஜயதே’ என்ற பெயரில் பொய்ச் செய்தியை இனங்காணப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்தது. நல்ல முயற்சி. நமக்கோ கூடுதலாக ஒரு கொடுப்பினை. பயிற்சிக்கான சான்று பஸ் ஏறிப் போகிற தூரத்தில் கல்லாகவே நிற்கிறது.

சாளுக்கிய மன்னன் இரண்டாம் விக்கிரமாதித்தன் காஞ்சியைப் பிடித்தான். படையெடுத்து வந்தவன் கோயிலைச் சூறையாடியிருப்பான் என்றுதான் பிள்ளைகள் நினைப்பார்கள். கைலாசநாதர் கோயில் தூண் ஒன்றிலுள்ள கன்னடக் கல்வெட்டோ, கோயிலின் செல்வத்தைப் பார்த்தவன் அதை எடுத்துக்கொள்ளாமல் கோயிலுக்கே திருப்பிக் கொடுத்தான் என்கிறது. ஆகா என்று எழுதி முடித்துவிடலாமா? அதை வெட்டுவித்ததே வென்றவன் தரப்பு. அவன் மகன் கீர்த்திவர்மனின் செப்பேடும் காஞ்சியைத் தந்தை அழிக்கவில்லை என்றுதான் சொல்கிறது. அதுவும் அதே வீட்டுச் சாட்சி. இவற்றை எவ்வளவு தூரம் நம்பலாம்? ஏழாம் வகுப்புப் பிள்ளைகளிடம் இதைக் கேட்டுப் பாருங்கள், வகுப்பு இரண்டாகப் பிரிந்து சண்டை போடும். அந்தச் சண்டைதான் ஆராய்ச்சி. இக்கோயிலின் பல்லவர் கல்வெட்டுகளைக் கல்வெட்டு அறிஞர் ஹுல்ஷ் 1890-லேயே ‘தென்னிந்தியக் கல்வெட்டுகள்’ முதல் தொகுதியில் அச்சேற்றிவிட்டார். இன்று செல்போனிலேயே இலவசமாகப் படிக்கலாம்.

தறி வீட்டுக்கும் இதே கேள்விகள் பொருந்தும். தேவர்களுக்கு நெய்த மார்க்கண்டேயர் வழி வந்தவர்கள் நாம் என்பதை ‘தாத்தா சொன்னது’ என்று போட்டு எழுதினால் அது அருமையான பதிவு. ‘வரலாறு’ என்று தலைப்பிட்டால் தப்பு. கோர்வைப் புடவைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நாடா தள்ளியது யார், கூலி எவ்வளவு, நெசவாளர் சங்கத்தில் சேர்ந்தது எந்த வருஷம் என்று பாட்டியிடம் கேட்கட்டும். வருஷத்தைப் பழைய பாஸ்புக்கோடு ஒத்துப் பார்க்கட்டும்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: கலர் பிரிண்டுக்குக் கொடுக்கும் மதிப்பெண்ணை ‘எங்கே கிடைத்தது?’ என்ற வரிக்கு மாற்றிக் கொடுங்கள். பெற்றோரே, உங்கள் பிள்ளை கையால் எழுதிய ஒரு பக்கத்தை எங்களுக்கு அனுப்புங்கள். அடியில் சொன்னவரின் உறவுமுறை, பார்த்த புத்தகம், பக்க எண் இருக்க வேண்டும். நல்லவற்றை வரும் இதழ்களில் வெளியிடுகிறோம். அட்டைப்படம் வேண்டாம்.

அன்புடன்,
ஆசிரியர்