சுற்றுச்சூழல் படிப்பு சோறு போடுமா?

மகன் பி.எஸ்சி. ரசாயனம் முடித்துவிட்டான். அல்லது மகள் சிவில் இஞ்சினீயரிங் முடித்துவிட்டாள். அடுத்து என்ன?

"சுற்றுச்சூழல் மேலாண்மை படியுங்கள், கைமேல் வேலை" என்கிறது ஒரு விளம்பரம். "ஐந்தே நாளில் சர்ட்டிபிகேட்" என்கிறது இன்னொரு விளம்பரம். கட்டணமோ பல ஆயிரம். தந்தை யோசிக்கிறார். தாய் தன் கழுத்துச் சங்கிலியைத் தொட்டுப் பார்க்கிறாள்.

இந்தப் படிப்புக்கு மதிப்பு உண்டா?

உண்டு. ஆனால், எல்லாச் சர்ட்டிபிகேட்டுக்கும் இல்லை. எது சோறு போடும், எது வெறுமனே சுவரில் தொங்கும் என்று தெரிய வேண்டுமானால், இந்த வேலை எப்படிப் பிறந்தது என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

சட்டம் பெற்ற பிள்ளை

சரக்கு விற்க ஆள் வேண்டும். கணக்கு எழுத ஆள் வேண்டும். அவர்களை முதலாளி தானாகவே தேடி வைத்துக்கொள்வார். கழிவு நீரைக் கவனிக்க எந்த முதலாளியும் தானாக ஆள் தேடியதில்லை. தேட வைத்தது சட்டம்தான்.

1974ல் தண்ணீர் மாசு தடுப்புச் சட்டம் வந்தது. 1981ல் காற்று மாசு தடுப்புச் சட்டம் வந்தது. 1984 டிசம்பரில் போபால் நகரில் விஷ வாயு கசிந்து ஆயிரக்கணக்கானோர் மாண்டார்கள். அதன் பிறகு, 1986ல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. தமிழ்நாட்டில் மாசு கட்டுப்பாட்டு வாரியம் 1982ல் அமைக்கப்பட்டது. இப்போது மாசு உண்டாக்கும் ஆலையைக் கட்டுவதற்கு முன்னால் வாரியத்தின் இசைவு வேண்டும். கட்டிய ஆலையை ஓட்டுவதற்கும் இசைவு வேண்டும். 

ஆகவே, சட்டம் எங்கே கெடுபிடியாக இருக்கிறதோ அங்கே இந்தப் படிப்புக்குக் கிராக்கி. இதற்குத் திருப்பூரைவிட நல்ல சாட்சி இல்லை.

திருப்பூர் சொல்லும் கதை

திருப்பூர் பனியனின் நிறம் சாயப்பட்டறையில் ஏறுகிறது. பருத்தித் துணியில் சாயம் பிடிக்க வேண்டுமானால் தண்ணீரில் ஏராளமாக உப்பைக் கரைக்க வேண்டும். சாயம் துணியோடு போகும். உப்பு தண்ணீரோடு போகும். அந்தத் தண்ணீர் நொய்யல் ஆற்றில் விழுந்தது. பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் சாயக் கழிவு தேங்கியது. அணையைத் திறக்கச் சொல்லிக் கேட்க வேண்டிய விவசாயிகள், "ஐயா, திறந்துவிடாதீர்கள்" என்று கும்பிட்டார்கள்! கிணற்று நீர் உவர்த்தது. பயிர் கருகியது. விவசாயிகள் கோர்ட்டுக்குப் போனார்கள்.

வழக்கு பல ஆண்டுகள் நடந்தது. 2011 ஜனவரியில் சென்னை ஐகோர்ட்டு, சாயப்பட்டறைகளை மூடும்படி உத்தரவிட்டது. ஒரு பட்டறை, இரண்டு பட்டறை அல்ல. எழுநூறுக்கும் மேற்பட்டவை. ஊரே திகைத்து நின்றது. ஒரு சொட்டுக் கழிவு நீர்கூட வெளியே போகக் கூடாது, அப்போதுதான் திறக்கலாம் என்பது நிபந்தனை.

ஒரு சொட்டும் விடாமல் எப்படித் தொழில் நடத்துவது? அங்கேதான் படித்தவனுக்கு வேலை வந்தது.

பட்டறைகளின் கழிவு நீர் குழாய் வழியாகப் பொது சுத்திகரிப்பு நிலையத்துக்கு வருகிறது. முதலில் நுண்ணுயிர்களை விட்டு அழுக்கைத் தின்ன வைக்கிறார்கள். பிறகு நிறத்தை எடுக்கிறார்கள். பிறகு வடிகட்டி, மெல்லிய சவ்வின் வழியே அழுத்தத்தோடு செலுத்துகிறார்கள். வீட்டில் உள்ள ஆர்.ஓ. எந்திரமும் இதே வேலையைத்தான் செய்கிறது. அது குழந்தை, இது ராட்சதன். நல்ல நீர் ஒரு பக்கம் வந்து மறுபடியும் பட்டறைக்குப் போகிறது. மிஞ்சிய உப்புக் கரைசலைக் காய்ச்சி ஆவியாக்கினால், உப்பு திரும்பக் கிடைக்கிறது. அதையும் சாயம் போடவே பயன்படுத்தலாம்.

சொல்ல எளிது. செய்வது கடினம். அந்த நுண்ணுயிர்களுக்குக் காற்று குறைந்தால் அவை செத்துவிடும். சவ்வில் அழுக்கு அடைத்தால் அழுத்தம் ஏறும். சவ்வு கெட்டால் செலவு பெரிது. காய்ச்சுவதற்கு மின்சாரமும் எரிபொருளும் தண்ணீராய்ச் செலவாகும். இதையெல்லாம் அளந்து, கணக்குப் பார்த்து, நிலையத்தை ஓட்டத் தெரிந்தவனை முதலாளி விடமாட்டார். அவனுடைய சர்ட்டிபிகேட்டில் எந்தக் கல்லூரியின் முத்திரை என்று அதிகம் பார்க்கவும் மாட்டார்.

தெரியாமல் ஓட்டினால் என்ன ஆகும்? ராணிப்பேட்டையில் 2015 ஜனவரியில் நடந்தது. தோல் தொழிற்சாலைகளின் பொது சுத்திகரிப்பு நிலையத்தில், கசடு தேக்கியிருந்த தொட்டியின் சுவர் நள்ளிரவில் இடிந்தது. பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த 10 பேர் அந்தச் சேற்றில் சிக்கி இறந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்காளத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். இந்தத் துறையில் படிப்பு என்பது சம்பளத்துக்கு மட்டுமல்ல. அடுத்தவன் உயிரும் அதில் இருக்கிறது.

பெயர் எழுதும் உரிமை

இனி சர்ட்டிபிகேட்டுகளுக்கு வருவோம்.

சில தகுதிகள் இல்லாவிட்டால் சில வேலைகளைச் செய்யவே முடியாது. அவற்றுக்குத்தான் உண்மையான மதிப்பு. ஒரு பெரிய சுரங்கமோ சிமெண்டு ஆலையோ துறைமுகமோ வர வேண்டுமானால், 2006ம் ஆண்டு அறிவிக்கையின்படி சுற்றுச்சூழல் பாதிப்பு அறிக்கை தயாரிக்க வேண்டும். கண்டவர்களும் அதைத் தயாரிக்க முடியாது. இந்தியத் தர கவுன்சிலின் அங்கீகாரம் பெற்ற நிறுவனமே தயாரிக்கலாம். அந்த நிறுவனத்தில் காற்றுக்கு ஒருவர், தண்ணீருக்கு ஒருவர், நிலத்தடி நீருக்கு ஒருவர், செடி கொடி உயிரினங்களுக்கு ஒருவர், மக்கள் வாழ்க்கையை ஆராய ஒருவர் என்று நிபுணர்கள் இருக்க வேண்டும். அவர்களுடைய படிப்பையும் அனுபவத்தையும் பார்த்த பிறகே ஒப்புக்கொள்கிறார்கள். அறிக்கையில் அவர்கள் பெயர் வரும். கையெழுத்தும் வரும். தப்பாக எழுதினால் பதில் சொல்ல வேண்டியதும் அவர்களே.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. விலங்கியல், தாவரவியல், சமூகவியல் படித்தவர்களுக்கு வேலை இல்லை என்று ஊரில் பேசுகிறார்கள். இந்த அறிக்கையோ அவர்கள் இல்லாமல் முடியாது!

ஐ.எஸ்.ஓ. 14001 என்ற பெயரையும் பலர் கேள்விப்பட்டிருப்பார்கள். ஒரு கம்பெனி தன் சுற்றுச்சூழல் பொறுப்புகளை எப்படி ஒழுங்காக நிர்வகிக்க வேண்டும் என்று சொல்லும் உலகத் தர நூல் அது. முதலில் வந்தது 1996ல். ஏற்றுமதி செய்யும் கம்பெனிகளை வெளிநாட்டு வியாபாரிகள் இதைக் கேட்கிறார்கள். ஐந்து நாள் சர்ட்டிபிகேட் என்பது பெரும்பாலும் இந்தத் தரத்தைத் தணிக்கை செய்யும் பயிற்சிதான்.

பயிற்சி பொய்யல்ல. அதைப் பற்றிச் சொல்லும் பேச்சில்தான் பொய் கலக்கிறது. ஐந்து நாள் உட்கார்ந்து பரீட்சை எழுதியவர், பயிற்சி முடித்தவர், அவ்வளவுதான். தணிக்கையாளர் ஆகிவிட மாட்டார். அதற்கு வேலை அனுபவமும், மூத்தவரோடு போய்ப் பல தணிக்கைகள் செய்த கணக்கும் வேண்டும். ஏற்கெனவே ஆலையில் இருப்பவருக்கு இந்தச் சர்ட்டிபிகேட் ஏணி. கல்லூரியை விட்டு நேரே வந்தவருக்கு அது தரையில் கிடக்கும் ஏணி. சாய்த்து வைக்கச் சுவர் இல்லை.

கல்லூரியில் எல்லோரும் படிக்கும் சுற்றுச்சூழல் பாடத்தை யாரும் பெரிதாகக் காட்ட வேண்டாம். சுப்ரீம் கோர்ட்டு 1991ல் உத்தரவிட்டதன் விளைவாக, எந்தப் பட்டம் படித்தாலும் அந்தப் பாடம் உண்டு. எல்லோரிடமும் இருக்கும் காசுக்குக் கடையில் தனி மரியாதை ஏது?

தணிக்கையாளருக்கு யார் கூலி கொடுப்பது?

2025 ஆகஸ்டில் மத்திய அரசு சுற்றுச்சூழல் தணிக்கை விதிகளை வெளியிட்டது. கம்பெனிக் கணக்கைப் பார்க்க ஆடிட்டர் இருப்பதுபோல, ஆலையின் புகையையும் கழிவையும் பார்க்கச் சான்று பெற்ற தணிக்கையாளர்கள் வருவார்கள். சான்று பெற இரண்டு வழிகள். அனுபவசாலிகளின் பழைய வேலையை மதிப்பிட்டுத் தருவது ஒன்று. தேசியப் பரீட்சை மற்றொன்று. சான்று பெற்ற பிறகு பதிவும் செய்துகொள்ள வேண்டும்.

இதில் முக்கியமான விஷயம் வேறு. எந்த ஆலைக்கு எந்தத் தணிக்கையாளர் என்பதை முதலாளி தீர்மானிக்க முடியாது. சீட்டுக் குலுக்கிப் போடுவதுபோல ஒதுக்குவார்கள்.

ஏன் இப்படி? குஜராத்தில் கண்ட பாடம் இருக்கிறது. அங்கே 1996 முதலே, ஐகோர்ட்டு உத்தரவின்பேரில் ஆலைகளுக்குத் தணிக்கை உண்டு. தணிக்கையாளரைப் பொறுக்கியவரும் ஆலைக்காரர், கூலி கொடுத்தவரும் ஆலைக்காரர். பின்னாளில் நோபல் பரிசு பெற்ற எஸ்தர் டுப்லோவும் வேறு மூன்று பொருளாதார அறிஞர்களும் அங்கே 473 ஆலைகளை வைத்து ஒரு சோதனை நடத்தினார்கள். பழைய முறையில் வந்த அறிக்கைகளில் மாசு பெரும்பாலும் வரம்புக்குச் சற்றுக் கீழேயே இருந்தது! நேரில் அளந்தால் எகிறியது. பிறகு சில ஆலைகளுக்கு மட்டும் முறையை மாற்றினார்கள். ஆள் குலுக்கலில், கூலி பொது நிதியிலிருந்து, அளந்தது சரியா என்று திடீர்ச் சோதனை. பொய் அறிக்கை பெருமளவு குறைந்தது. அந்த ஆலைகள் மாசையும் குறைத்துக்கொண்டன. 2013ல் இந்த ஆராய்ச்சி வெளியாயிற்று.

தணிக்கையாளர்கள் படிக்காதவர்கள் அல்ல. அவர்களிடமும் பட்டம் இருந்தது. பட்டத்தை ஆலைக்காரர் விலைக்கு வாங்கியிருந்தார். புதிய விதிகள் ஒழுங்காக அமலானால், நேர்மையாக அளப்பவரின் பிழைப்பு கெடாது. குலுக்கல் கண்துடைப்பானால், சர்ட்டிபிகேட்டின் விலை மறுபடியும் முதலாளியின் கையில்தான்.

எங்கே தொடங்குவது?

வாரியத்தில் அரசு உத்தியோகம் சிலருக்கே கிடைக்கும். பரீட்சை எழுதலாம், அதையே நம்பி வருஷக்கணக்காக உட்கார்ந்திருக்க முடியாது. பங்குச் சந்தையில் உள்ள முதல் 1000 கம்பெனிகள் தங்கள் சுற்றுச்சூழல் கணக்கையும் 2022-23 முதல் வெளியிட வேண்டும் என்று செபி விதித்தது. அதனால் நகரத்து அலுவலகங்களிலும் இத்தகைய வேலைகள் வந்திருக்கின்றன. ஆங்கிலமும் கம்ப்யூட்டரும் நன்றாகத் தெரிந்தவருக்கு அது ஒரு வழி.

மற்றவர்களுக்கு வாசல் ஆலைதான். அல்லது பரிசோதனைக் கூடம். பணம் கட்டுமுன் பயிற்சி நிலையத்தாரிடம் மூன்று கேள்வி கேட்கலாம். இந்தச் சர்ட்டிபிகேட்டை எந்தச் சட்டம், எந்த அமைப்பு ஒப்புக்கொள்கிறது? ஆலைக்குள் எத்தனை நாள் வேலை கற்றுக் கொடுப்பீர்கள்? சென்ற ஆண்டு படித்தவர்கள் இருவருடைய டெலிபோன் நம்பர் தருவீர்களா? மூன்றாவது கேள்விக்கு முகம் கறுத்தால், எழுந்து வந்துவிடலாம். சங்கிலி மிஞ்சும்.

திருப்பூரிலும் ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் ராணிப்பேட்டையிலும் பொது சுத்திகரிப்பு நிலையங்கள் இராப்பகலாக ஓடுகின்றன. எம்.எஸ்சி. படித்தவரானாலும் அங்கே முதல் வேலை ஒன்றுதான்: கையில் குப்பியோடு தொட்டி மேல் ஏறி, மாதிரித் தண்ணீர் எடுத்து, அளந்ததை அளந்தபடி நோட்டில் எழுதுவது.